போர் தண்ணியைக் குடித்தால் கல் வருமா?

சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே “தண்ணி எப்படிங்க?” என்று கேட்டுவிடுவார்கள். “குளிக்க, துவைக்க போர் தண்ணி. குடிக்க கேன் போட்டுக்குங்க” என்று வீட்டுக்காரர் சொல்வார். போர் தண்ணியைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும், குளித்தால் முடி கொட்டும் என்ற பயம்தான் காரணம். பயப்பட வேண்டியது உண்டு. ஆனால் பெரும்பாலோர் பயப்படுகிற இடம் வேறு, ஆபத்து இருக்கிற இடம் வேறு.

தரைக்கடியில் இரண்டு சங்கதி

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே பிச்சாவரத்துக் கழிமுகம். இவற்றுக்கு நடுவில் உள்ள தாழ்வான வண்டல் பூமி இது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துவருகிறது. இது கடினத்தன்மை. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் உவர் நீர் உள்ளே ஏறும்; அதில் இருப்பது சோடியம் குளோரைடு, நம் சமையல் உப்பு. வீட்டில் இரண்டையும் சேர்த்து ‘உப்புத் தண்ணி’ என்றே சொல்லிவிடுகிறோம். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம்.

ஹீட்டர் ராடும் ஆசிட் பாட்டிலும்

பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். சூடேறும்போது தண்ணீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிவதுதான் அது. படிவு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் ராடுக்குள்ளேயே தங்கும். கரண்ட் பில் ஏறும், ராடும் சீக்கிரம் போகும். ஷவர் துளை அடைபடுவதும் இதே கதைதான்.

பருப்பு வேகாததற்கும் கால்சியம்தான் காரணம். பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினை அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதற்காக ஆப்ப சோடா போடுகிறவர்கள் உண்டு. பருப்பு குழையும், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும், சோடியமும் சேரும். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி வைப்பது நல்லது.

என்னைக் கேட்டால், கடின நீரால் வீட்டில் நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து குடிப்பதில் இல்லை, கழுவுவதில் இருக்கிறது. டைல்ஸில் ஏறிய வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றுவோம். போதவில்லை என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. கறைக்கு வினிகரோ புளிக்கரைசலோ போதும். ஊற்றி அரை மணி ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். வினிகரோடும் பிளீச்சிங் பவுடரைக் கலக்கக் கூடாது.

கல் எதனால் வருகிறது

தண்ணீரின் கால்சியம் நேராகப் போய்ச் சிறுநீரகத்தில் கல்லாகப் படிவதில்லை. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட். உணவில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 1993இல் வெளிவந்த ஆய்வில், உணவில் அதிகக் கால்சியம் எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்திருந்தது. கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எல்லை எதையும் வைக்கவில்லை.

கல்லை வளர்ப்பது அடர்த்தியான சிறுநீர். வெயிலில் வேர்க்க வேர்க்க வேலை செய்துவிட்டு, ருசி பிடிக்கவில்லை என்று அரைச் சொம்போடு நிறுத்துகிறோமே, அதுதான் வினை. இத்தாலியில் முதன்முறை கல் வந்த 199 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் தினமும் 2 லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மீண்டும் கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு வந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பைக் குறைத்து எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்வதும் உதவும். ஏற்கெனவே இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

முடியும் தோலும்

கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் 15 பேரின் முடியை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறுபாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு மாதம் விட்டுவிட்டு ஊறவைத்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, முடியின் வலுவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முடி சொரசொரப்பாகலாம், சிக்கு விழலாம். ஆனால் தண்ணீர் வேர்வரை போய்ப் பிடுங்குவதில்லை. கொத்துக்கொத்தாகக் கொட்டினால் ரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதித்துப் பாருங்கள். சோப்பு கடின நீரில் பிசுக்காகித் தோலில் ஒட்டுவது உண்மை. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு அது எரிச்சல் தரும். சோப்பைக் குறைத்து, நன்றாக அலசி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

சாஃப்ட்னரும் ஆர்.ஓ.வும்

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தருகிறது. 100 மில்லிகிராம் கடினத்துக்கு 46 மில்லிகிராம் சோடியம். 600 உள்ள தண்ணீரை மென்மையாக்கி நாளுக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் கிட்டத்தட்ட 690 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகும். ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரிலேயே தீர்ந்தது. பி.பி. உள்ள வீட்டில் சாஃப்ட்னரைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. உப்பையும் கடினத்தையும் சேர்த்தே நீக்கும். ஆனால் வீட்டு மெஷின்களில் குடிக்க வருவதைவிடக் கழிவாகப் போவது பெரும்பாலும் அதிகம்; அதைத் தரை துடைக்கப் பிடித்துவைக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், கடினத்தில் ஒரு பங்கும் அடியில் படியும். உப்பு மட்டும் போகாது.

எந்த மெஷின் வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். மெஷின் விற்பவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பவற்றின் மொத்தத்தைத்தான் சொல்லும்; அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு உப்பு, கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. கோடையின் உச்சத்தில் ஒரு முறையும், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் கொடுங்கள். 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி உங்கள் வீட்டில் தூர்ந்துபோகாமல் இருந்தால், இரண்டு அறிக்கைக்கும் வித்தியாசம் தெரியும்.