உஷார்! அலாரம் அடித்ததும் மயங்கி விழுகிறார்களா?

விடிகாலையில் தலைமாட்டில் அலாரம் அலறுகிறது. திடுக்கிட்டு எழுந்த பெண் அப்படியே சரிகிறாள். கை கால் இழுக்கிறது. ஒரு நிமிடத்தில் தெளிந்தும்விடுகிறாள். 'வலிப்புதான்' என்று கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்! கோளாறு மூளையில் இல்லாமல் இதயத்தில் இருக்கலாம். அடுத்த தடவை அவள் எழாமலே போகலாம்.

இந்த இதயக் கோளாறுக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றின் பெயர் 'ஹெர்க்'. அதன் பூர்வீகம் பழ ஈ. ஈதர் கொடுத்து மயக்கினால் கால்களை உதறி ஆடும் ஒரு வகை ஈயில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு, மனிதரிடமும் பங்காளி உண்டு என்று 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வார்ம்கேயும் கனெட்ஸ்கியும் காட்டினார்கள். அது சிக்கியது மூளைத் திசுவில். மறு வருஷமே யூட்டாவில் மார்க் கீட்டிங் குழு, திடீர் மரணம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களில் இதே மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது. தவளை முட்டைக்குள் அதை இயங்கவைத்து மின்னோட்டத்தை அளந்தபோது விஷயம் வெளிச்சமானது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பொட்டாசியத்தை வெளியே விட்டு, இதயத் தசையை அடுத்த துடிப்புக்குத் தயார் செய்யும் வாசலை அமைப்பது இந்த மரபணுதான். வாசல் சரியாகத் திறக்காவிட்டால் தசை ஆற நேரமாகும். அந்த நேரம் பார்த்துத் துடிப்பு தறிகெட்டு ஓடும்.

பிறவிப் பழுது இல்லாதவர்களும் கவனிக்க வேண்டும். மாத்திரையும் இந்த வாசலை அடைக்கும்! அலர்ஜிக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் இப்படித்தான் 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. வயிற்றுக்கான சிசாப்ரைடை இந்தியா 2011-ல் தடை செய்தது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், டோம்பெரிடோன், ஹாலோபெரிடால் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பேதியில் பொட்டாசியம் வடிந்த உடம்பில், இவற்றில் இரண்டை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்துப் போட்டால்? அங்கேதான் எனக்குப் பதறுகிறது. அதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

சத்தத்தால், பயத்தால், ஓடும்போது, நீந்தும்போது மயங்கியவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். 'கியூ.டி. எவ்வளவு?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதயத் தசை துடித்து ஆறி முடிக்க எடுக்கும் நேரத்தை ஈ.சி.ஜி.யில் காட்டும் அளவு அது. வழக்கமான ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கணக்கு 500 மில்லி விநாடியைத் தாண்டினால், அதாவது பன்னிரண்டரைக் கட்ட அளவுக்கு மேல் போனால், பெரிய ஆபத்து. ஒருமுறை எடுத்தது சரியாக இருந்தாலும் மயக்கம் திரும்பினால் மறுபடி எடுக்க வேண்டும்.

நோய் உறுதியானால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் என எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்திருந்தால் ஒருவேளைகூடத் தவறக் கூடாது. அந்தப் பெண்ணின் தலைமாட்டிலிருக்கும் அலாரத்தையும் போனையும் இன்று ராத்திரியே அப்புறப்படுத்துங்கள்.