துளைக்கு ஒரு டாலர்

காடும் கணக்கும் – 6

அமெரிக்காவில் உற்பத்தியாகும் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி வெர்மான்ட் என்ற சின்ன மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே மேப்பிள் காடு வைத்திருக்கும் எல்லாரும் பாகு காய்ச்சுவதில்லை. காய்ச்சுகிறவர்கள் எல்லாரிடமும் போதுமான மரமும் இல்லை. அதனால் அடுத்தவர் மரத்தில் சாறு இறக்கிக் காய்ச்சும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. முன்பெல்லாம் அது வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து மரங்களில் வாளி மாட்டிக்கொள்வார்கள். பருவம் முடிந்ததும் மரத்துக்காரர் வீட்டுக்கு ஒரு கேலன் பாகு போகும். நம் தெற்கத்திச் சீமையில் பனை உடையவரும் பனையேறியும் பதநீரைப் பங்கிட்டுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடுதான்.

பிளாஸ்டிக் குழாயும் வாக்குவம் பம்பும் வந்தபின் இது பெருந்தொழிலாகிவிட்டது. இப்போது மரத்துக்கு மரம் குழாய் இழுத்து, சரிவின் அடியிலுள்ள தொட்டியில் சாற்றைச் சேர்க்கிறார்கள். ஒருவரே பல்லாயிரம் துளைகள் போடுகிறார். மரத்துக்காரருக்கான குத்தகையும் பாகாக இல்லாமல் பணமாகிவிட்டது: ஆண்டுக்குத் துளை ஒன்றுக்கு ஒரு டாலரை ஒட்டி, இடத்துக்கேற்ப முன்னே பின்னே.

இருபது ஏக்கர் காடு, ஏக்கருக்கு 60 துளை என்று வைத்துக்கொள்வோம். 1,200 துளை, 1,200 டாலர். நல்ல பம்பு இருந்தால் ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் சுமார் அரை கேலன் பாகு தேறும். பீப்பாய்க் கணக்கில் விற்றால் பவுண்டுக்கு 2 டாலர் என்று கொண்டாலும், அரை கேலன் சுமார் ஐந்தரை பவுண்டு என்பதால், துளைக்கு 11 டாலர் வருகிறது. அதில் ஒரு டாலர்தான் மரத்துக்காரருக்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் குழாய், பம்பு, கொதிகலன், எரிபொருள் எல்லாம் காய்ச்சுகிறவர் பொறுப்பு. அணில் கடித்த குழாயை இடுப்பளவு பனியில் தேடிப் போய் ஒட்டுவதும் அவர்தான். அந்த விகிதத்தில் பெரிய அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மரத்துக்காரர் உண்மையில் கொடுப்பது எது என்பதில்தான் கவனம் வேண்டும். சாறு ஆண்டுதோறும் மறுபடி ஊறிவிடும். துளைபட்ட மரக்கட்டை அப்படியல்ல. பிப்ரவரி, மார்ச்சில் இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், சுமார் எட்டு மில்லிமீட்டர் அகலமும் இரண்டு அங்குலத்துக்குள் ஆழமுமாக ஒரு துளை போடுகிறார்கள். வெளிவாய் இரண்டொரு ஆண்டில் மூடிக்கொள்ளும். உள்ளே மரம் அந்தக் காயத்தைச் சுற்றி அரண் கட்டிவிடுகிறது. துளைக்கு மேலும் கீழும் ஒரு அடி, சில சமயம் அதற்கும் கூடுதலாக, பழுப்புக் கறை ஓடுகிறது. அந்தப் பகுதியில் இனிச் சாறு ஓடாது. துளையிடும்போது வெளிவரும் தூளைக் கையில் வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வெண்மையாக வந்தால் உயிருள்ள கட்டை, பழுப்பாக வந்தால் பழைய காயத்தில் இறங்கியிருக்கிறது, அந்தத் துளையால் பயனில்லை.

மேப்பிள் மரத்தில் அறுப்புக்கு அதிக விலை போவது அடிமரம். துளைகள் விழுவதும் அதே அடிமரத்தில்தான். பத்தாண்டு துளையிட்ட மரத்தை மில்லுக்கு அனுப்பினால், கறைபட்ட அந்த முதல் துண்டுக்கு நல்ல விலை கிடைக்காது. ஆக, துளைக்கான ஒரு டாலர் சாற்றின் விலை மட்டுமன்று. அடிமரத்தைத் தவணை முறையில் விற்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மரத்தை வெட்டும் எண்ணமே இல்லாதவருக்கு இது நல்ல பேரம். காடு நிற்கிறது, ஆண்டுதோறும் கையில் காசும் வருகிறது. பிள்ளைகள் படிப்புக்கு மரம் விற்கலாம் என்று வைத்திருப்பவர், நேரான, கணுவில்லாத மரங்களுக்குப் பெயிண்ட் அடையாளமிட்டு, அவற்றைத் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

அதனால் விலையை ஐந்து பத்து சென்ட் கூட்டிக் கேட்பதைவிட ஒப்பந்தத்தைச் சரியாக எழுதுவது முக்கியம் என்பேன். மார்பளவு உயரத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அங்குல விட்டமாவது இல்லாத மரத்தில் துளை கூடாது. நன்றாகப் பருத்த மரத்துக்கே இரண்டாவது துளை. துளைகளை இருவரும் சேர்ந்து நடந்து எண்ண வேண்டும். காப்பீடு யார் பெயரில், வண்டி எந்தத் தடத்தில் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பலர் மறந்துபோவது, குத்தகை முடிந்ததும் குழாயை அவிழ்த்து அள்ளிக்கொண்டு போக வேண்டியது யார் என்பதை. கைவிட்ட கம்பியும் குழாயும் மரத்தின் பட்டைக்குள் புதைந்து கிடக்கும் காடுகள் அங்கே உண்டு.

மாநில அரசும் தன் காடுகளில் துளையிட உரிமம் தருகிறது. அதற்கான கட்டணத்தைப் பாகின் சந்தை விலையோடு சட்டமே இணைத்திருக்கிறது. விலை ஏறினால் கட்டணமும் ஏறும். தனியார் குத்தகைகளும் இதைப் பின்பற்றினால் இரு தரப்புக்கும் மனக்குறை வராது.

காய்ச்சுகிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குழாய்க்குப் போட்ட பணம் திரும்ப ஆண்டுகள் பல ஆகும் என்பதால், அவர் நீண்ட குத்தகை கேட்பது பேராசையல்ல. நடுவில் நிலம் கைமாறினால், வாங்கியவர் "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிடக்கூடும். வெர்மான்டில் நிலப் பதிவேடு அந்தந்த ஊரின் எழுத்தர் அலுவலகத்தில் இருக்கிறது. குத்தகையை அங்கே பதிந்துவிட்டால், நிலத்தை வாங்குபவர் குழாயோடு சேர்த்தே வாங்குகிறார்.

கியூபெக்கில் அரசு நிலத்து மேப்பிள் காடுகளை எப்படிக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)