விசை யாரைச் சேரும்?

நீண்ட கடிதம் ஒன்றைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். கண்கள் பக்கத்திலுள்ள கையெழுத்துப் பிரதியின்மேல் இருக்கின்றன. விரல்கள் தாமாக ஓடுகின்றன. திடீரெனத் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி ஏதோ கேட்கிறது. அதே கணத்தில், பத்தியை முடிப்பதற்காக நீங்கள் தட்டிய என்டர் விசை அதற்கு ‘ஆம்’ என்று பதில் கூறிவிடுகிறது. பெட்டி மறைகிறது. எதற்குச் சம்மதித்தோம் என்பதே உங்களுக்குத் தெரியாது!

இது எவ்வாறு நேர்கிறது? மவுஸை அழுத்தினால் திரையில் எந்த இடம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். விசைக்கு இடம் கிடையாது. அது முகவரி எழுதாத கடிதத்தைப் போன்றது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரேயொரு கட்டமோ பொத்தானோதான் விசைகளைப் பெறும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த உரிமைக்கு ‘ஃபோகஸ்’ என்று பெயர். புதிய பெட்டி தோன்றியதும் உரிமை அதற்கு மாறிவிடுகிறது. விரல்களுக்கு இது தெரிவதில்லை.

விண்டோஸில் இத்தகைய உரையாடல் பெட்டிக்கு வரும் விசை நேராக உரியவரிடம் போவதில்லை. ‘இஸ்டயலாக்மெசேஜ்’ என்னும் நிரற்கூறு இடையில் நின்று ஒவ்வொரு விசையையும் சோதிக்கிறது. டேப் என்றால் அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது. எஸ்கேப் என்றால் ‘ரத்து’ என்று கொள்கிறது. என்டர் என்றால், முன்னரே குறித்து வைத்த பொத்தானை அழுத்துகிறது. ஃபோகஸ் வேறொரு பொத்தானில் இருந்தால் அந்தப் பொத்தானே அழுத்தப்படும். ஆனால் பல வரிகள் எழுதும் கட்டத்தில் என்டர் புதிய வரிக்காக வேண்டியிருக்குமே? அதற்காகத்தான், “உனக்கு எந்தெந்த விசைகள் வேண்டும்?” என்று ஃபோகஸ் உள்ள கட்டத்தை அது முதலில் கேட்டுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மற்றச் சாளரங்களைத் தடுக்காமல் திறந்தே கிடக்கும் பெட்டிகளுக்கு இந்தச் சோதனையை நிரலர்தாம் தம் நிரலில் சேர்க்க வேண்டும். மறந்தால் டேப் விசை செத்துவிடும். மவுஸ் வைத்திருப்பவருக்கு இது ஒரு சிறு எரிச்சல். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையுடன் விசைகளை மட்டுமே நம்பி வேலை செய்யும் பார்வையற்றவருக்கோ அது பூட்டிய கதவு.

இனி அந்த ‘ஆம்’ விபத்துக்கு வருவோம். விண்டோஸ் 98 முதல், பின்னணியில் உள்ள நிரல் நினைத்தபோதெல்லாம் முன்னால் வந்து ஃபோகஸைப் பறிக்க முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலும் அதன் பொத்தான் கீழ்ப்பட்டையில் மினுக்கும், அவ்வளவுதான். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நிரலே பெட்டியைத் திறந்தால் இந்தக் காவல் உதவாது. “கோப்பை அழிக்கவா?” என்பது போன்ற கேள்விகளில் ‘இல்லை’ என்பதையே என்டருக்கு உரிய பொத்தானாக அமைப்பது நிரலரின் பொறுப்பு. அதற்கு ஒரு சொல் கூடுதலாக எழுதினால் போதும். அதையும் எழுதாமல் விடுகிறார்கள்! ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்தான சில பெட்டிகளில் சம்மதப் பொத்தானைச் சிறிது நேரம் செயலற்று வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த விரல் நின்று, கண் திரைக்குத் திரும்ப அந்த நேரம் போதும்.