சூட்டோடு சூடாகப் பிடிக்கும் சுண்ணாம்பு

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எஃகுக் கட்டிகளைச் சுமார் 1,100 டிகிரி சென்டிகிரேடுக்குக் காய்ச்சிக் கட்டடக் கம்பிகளாக உருட்டும் ஆலைகள் உண்டு. உலையில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியமில வாயு புகையோடு வெளியேறுகிறது. பூமியின் வெப்பத்தைக் கூட்டும் இவ்வாயுவைப் புகையிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். தூத்துக்குடியில் ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை, தன் கொதிகலன் புகையிலுள்ள கரியமில வாயுவைத் திரவம் ஒன்றில் பிடித்து, உப்புத் தயாரிக்கும் முறையை 2016-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் அது அமைக்கப்பட்டது. ஆனால் இத்தகைய திரவங்கள் வேலை செய்யப் புகையை முதலில் நன்கு குளிர்விக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே பிடித்தால் என்ன?

அதற்குத் தீயைத் தாங்கும் பொருள் வேண்டும். செங்கல், பீங்கான் முதலியவை அடங்கிய செராமிக் இனம் இதற்கு ஏற்றது. அவ்வினத்தில் எளியது சுட்ட சுண்ணாம்பு. காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறும் என்று படித்திருப்பீர்கள். அவ்வினையை இங்கே திருப்பிவிடுகிறார்கள். சுமார் 650 டிகிரியில் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 44 கிராம் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகும். பிடிக்கும்போது வெளிப்படும் வெப்பத்தால் நீராவியும் உண்டாக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். சுற்றுக்குச் சுற்று துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டுகின்றன, நுண்துளைகள் அடைபடுகின்றன. நாளடைவில் சுண்ணாம்பு களைத்துவிடுகிறது!

1998-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவன ஆய்வாளர்கள், லித்தியம் சிர்க்கோனேட் என்னும் செராமிக்கும் இவ்வாறு வாயுவைப் பிடிப்பதை அறிவித்தனர். அதையடுத்து வந்த லித்தியம் சிலிகேட் சுமார் 500 முதல் 600 டிகிரியில் பிடித்து, 700 டிகிரிக்கு மேல் விட்டுவிடும். சுண்ணாம்பைவிட மெதுவாகவே களைக்கும். ஆனால் லித்தியத்தின் விலை அதிகம்.

ஆகவே இருவழியிலும் முயற்சி நடக்கிறது. சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டாதிருக்க, இடையே மெக்னீசியம் ஆக்சைடைக் கலக்கிறார்கள். லித்தியம் சிலிகேட்டுக்கு வேண்டிய சிலிகாவை உமிச் சாம்பலிலிருந்து எடுத்தும் செய்து பார்த்திருக்கிறார்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் உமிக்குக் குறைவா என்ன?

வேதியியல் வகுப்பில் 'மீள் வினை' என்ற பாடம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். களைக்காத, மலிவான செராமிக் ஒன்று இன்னும் தேவைப்படுகிறது. அதைக் கண்டுபிடிப்பவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.