முதிர்ந்த செவியும் நல்ல ஒலிபெருக்கியும்

செவிப்புலன் மங்கிய முதியோர்க்கு உயர்ந்த ஒலிபெருக்கி வீண் என்பர் சிலர். அஃது உண்மையன்று. இளஞ்செவி செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரும். முதுமையில் முதலிற் குன்றுவது உச்ச அதிர்வுகளைக் கேட்கும் ஆற்றலே. பேச்சும் பாட்டும் பெரும்பாலும் நடுத்தர அதிர்வுகளில் அமைவன. அங்கு நேரும் சிதைவு முதிர்ந்த செவிக்கும் பெரிதும் புலனாகும். மேலும், மெல்லொலி கேளாத செவிக்குப் பேரொலி விரைவில் வேதனை தருவதுமுண்டு. ஆதலின் வேண்டுவது முழக்கமன்று, தெளிவே.

நயினை நாகபூஷணி அம்மன் மகோற்சவத்தில் நாதசுரமும் தவிலும் நேரிற் கேட்டுப் பழகிய தீவக அன்பர்க்கு அப்பழக்கமே அளவுகோல். 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் இசைப்பதிவொன்றைக் கடையில் மிதமான ஒலியிற் கேளுங்கள். வலந்தலையின் கூர்மையைத் தொப்பியின் கனம் விழுங்குகின்றதா? பின்னர் செய்தி வாசிப்பைக் கேளுங்கள்; சொற்கள் தெளிவாயுள்ளனவா? இவ்விரு சோதனையிலும் தேறுவதை வாங்குவோர்க்கு முதுமையிலும் இசையின்பம் அறவே அகலாது.