யந்திரம் ஓய்ந்த விமானம்

ஆகாயத்திற் செல்லும் சிறு விமானத்தின் யந்திரம் இடைவழியில் ஓய்ந்துவிடின், அது கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின்மீது பாயும் காற்றேயாம். யந்திரம் நின்றவிடத்து விமானி முகப்பைச் சற்றுத் தாழ்த்துவாராயின், இழக்கும் உயரமே வேகத்தைக் காத்து நிற்கும். நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் விமானம், காற்று எதிர்க்காதவிடத்து, 1,000 அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9,000 அடி முன்னே செல்ல வல்லது.

யந்திரம் ஓய்தற்குக் காரணங்கள் பல. எரிபொருள் தீர்தல் ஒன்று. அதில் நீர் கலத்தல் ஒன்று. வியப்பிற்குரியது மற்றொன்றுண்டு. வெப்பமான நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்திருப்பின், கார்புரேட்டரின் குறுகிய கழுத்திற் பெட்ரோல் ஆவியாகுங்கால் வெப்பங் கவரப்பட்டு, பனிக்கட்டி உறைந்து வழியை அடைத்தலுங் கூடும். அதனைக் கரைத்தற்பொருட்டுச் சூடான காற்றைச் செலுத்தும் பிடியொன்று விமானியின் கையருகே அமைக்கப்பட்டிருக்கும்.

கிளம்பியவுடன் யந்திரம் ஓயுமாயின் அபாயம் பெரிது. விட்டு வந்த ஓடுபாதைக்கே திரும்ப மனம் துடிக்கும். ஆயினும் தாழ்ந்த உயரத்தில் விமானத்தைச் சாய்த்துத் திருப்புங்கால் வேகங் குன்றின், இறக்கைகள் தாங்குஞ் சக்தியை இழக்கும். மீட்டற்கு உயரம் இராது. ஆதலின், எதிரே தோன்றும் வெளியில் இறங்குதலே பெரும்பாலும் நன்றெனப் பயிற்றுவோர் கற்பிப்பர்.

2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் தேதி, அமெரிக்க நடிகர் ஹாரிசன் போர்டு சாண்டா மோனிகாவினின்று பழைய விமானமொன்றிற் கிளம்பினார். சிறிது நேரத்தில் யந்திரம் சக்தி இழந்தது. நிலையத்திற்கு மீள முயன்றவர், அஃது எட்டாதெனக் கண்டு, அருகிருந்த கோல்ப் மைதானத்தில் இறங்கினார். காயமுற்றும் உயிர் பிழைத்தார். கார்புரேட்டரினுள்ளே சிறு உறுப்பொன்று திருகு கழன்றமையே காரணமென ஆராய்ந்தோர் கண்டனர். யந்திரம் கைவிடினும், வேகத்தைக் கைவிடாத நிதானமே உயிர்காக்கும் என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.