கழுகைக் காத்த காலம்

எங்கள் வீட்டு டயனோரா டிவியில் முதல் டாங்க் ஓடியது 1994 கோடை விடுமுறையில். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தவர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார். மஞ்சள் டாங்க் என்னுடையது, பச்சை அக்காவுடையது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னடா இது, டரட்டே திரும்பல? இந்தப் பக்கம் சுடணும்னா வண்டியையே திருப்பறான்?" என்றார்.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1961-ல் தொடங்கிய ஆலை அது. 1965-ல் விஜயந்தா முதன்முதலில் வெளியே வந்தது. பின்னால் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று இந்திய ராணுவத்தின் டாங்குகள் இங்கிருந்துதான் போயின. நிஜ டாங்கில் வண்டி ஒரு பக்கம் போகும், மேலே இருக்கும் டரட் வேறு பக்கம் திரும்பிச் சுடும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஜப்பான் விளையாட்டு தேவைப்பட்டது. ஏனென்றால் அப்பா வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார். பேசக் கூடாது என்பது ஆலையின் சட்டம். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். அவர் தொழிலைப் பற்றி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அன்றைக்கு வாசலில் நின்று சொன்னதுதான்.

அந்த விளையாட்டின் பெயர் பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. எங்களுக்கு அது 'டாங்க் கேம்'. திரையின் அடியில், நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருந்து 20 எதிரி டாங்குகள் வரும். கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. சுட்டவன் எதிரியா, நாமா என்கிற பேச்சே கிடையாது. மண்வெட்டி எடுத்தால் செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகிவிடும். கூட்டாளியின் மேல் நம் குண்டு பட்டால் அவர் சாகமாட்டார், ஆனால் சில நொடி அசைய முடியாமல் நிற்பார். அந்த நேரம் பார்த்துத்தான் எதிரி வருவான். "வேணும்னேதான் சுட்டே" என்று அக்காவும் "தெரியாமப் பட்டுடுச்சு" என்று நானும் எத்தனை சாயங்காலம் கத்தியிருப்போம்!

காவலுக்கு அக்கா, அடிதடிக்கு நான். இதை யாரும் சொல்லித் தரவில்லை. "நீ மேல போ, கழுகை நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது. காவலுக்கு நிற்பவருக்குத்தான் இந்த விளையாட்டு முழுதாகப் புரியும் என்பது இப்போது என் கருத்து. முன்னால் போகிறவனுக்குத் தன் எதிரே இருக்கும் டாங்க் மட்டும்தான் தெரியும்.

அதில் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. 13-க்கு 13 கட்டத்தில் செங்கல், இரும்பு, மரம், தண்ணீர் எல்லாவற்றையும் நாமே அடுக்கிக்கொள்ளலாம். அக்கா கணக்கு கிராஃப் நோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் எஸ்டேட்டை வரைந்தாள். குவார்ட்டர்ஸ் வரிசை செங்கல், ரேஷன் கடை இரும்பு, ஒரு மூலையில் பருத்திப்பட்டு ஏரி. தண்ணீரை டாங்க் தாண்டாது, குண்டு தாண்டும். அதனால் ஏரிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்து எதிரியைச் சுடலாம். கழுகு இருந்த இடம் எங்கள் வீடு. சேமித்து வைக்க வழி கிடையாது. ஸ்விட்சை அணைத்தாலோ கரண்ட் போனாலோ ஊரே அழிந்துவிடும். மறுநாள் நோட்டைப் பார்த்து முதல் செங்கலில் இருந்து மறுபடி கட்டுவாள். அந்த நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது.

எங்களிடம் இருந்த பெட்டி நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபாமிகாமின் நகல். 90-களில் தமிழ்நாட்டில் 'வீடியோ கேம்' என்றால் இந்த நகல்தான். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவோம். உண்மையில் ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை. கழற்றி மாட்டியதில் பின்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். எச்சில் ஈரம் பின்களுக்குக் கெடுதல்தான். ஆனாலும் ஊதாமல் மாட்டியவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

பெட்டியோடு விளக்கப் புத்தகம் வரவில்லை. கேசட்டின் மேல் இருந்த எழுத்து என்ன மொழி என்றுகூடத் தெரியாது. விதிகளைத் தோற்றுத் தோற்றுத்தான் கற்றோம். பெயர்களை நாங்களே வைத்தோம். வேகமாக வரும் டாங்க் 'ஓட்டக்காரன்'. நாலு குண்டு வாங்கினால்தான் சாகும் தடியன் 'குண்டன்'. அம்பத்தூரில் இருந்த சித்தப்பா வீட்டில் அதே டாங்குக்கு வேறு பெயர். அந்தப் பெயர்களைச் சேர்த்து வைக்காமல் போனோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம். விளையாட்டு எந்த நாட்டில் இருந்தோ ஊமையாக வந்தது, அதற்குத் தமிழ்ப் பேச்சைக் கொடுத்தது இங்கத்துப் பிள்ளைகள்.

கான்ட்ரா என்ற விளையாட்டு அதற்கு நல்ல சான்று. மூன்று உயிரை வைத்துக்கொண்டு முதல் காட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸில் ஒரு சீனியர் அண்ணன் என் காதில் ஓதினார்: "அப்பு அப்பு, டவுன் டவுன், லெஃப்ட்டு ரைட்டு, லெஃப்ட்டு ரைட்டு, பி, ஏ." முப்பது உயிர்! வாய்ப்பாடு போல வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கோனாமியில் இருந்த கஸுஹிசா ஹாஷிமோட்டோ, கிரேடியஸ் விளையாட்டை 1986-ல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, அது தனக்கே கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டது. பிறகு கான்ட்ராவிலும் வைத்தார்கள். இன்டர்நெட் இல்லாத காலத்தில் ஜப்பானில் இருந்து ஆவடி ஸ்கூல் பஸ் வரை வாய்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. 2020-ல் ஹாஷிமோட்டோ இறந்த செய்தியைப் படித்தபோது அந்த அண்ணனின் குரல்தான் காதில் கேட்டது.

பிறகு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே விட்டு, ஏசி அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவோம். பாடம் முடிந்து மிஞ்சும் பத்து நிமிடத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து 1989-ல் முடித்த விளையாட்டு. இளவரசியைக் காப்பாற்ற அறுபது நிமிடம் உண்டு, எங்களுக்கு இருந்தது பத்து. அந்தக் கடைசிக் கதவை நான் பார்த்தது வேலைக்குப் போன பிறகுதான். அந்த இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உடம்பை எக்கி மேலே ஏறும் அந்த ஒரு அசைவுக்கு இணையாக, பல கோடி செலவில் வந்த புது விளையாட்டுகளிலும் நான் அதிகம் பார்க்கவில்லை.

கல்லூரிக் காலத்தில் ஆவடியில் இருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் நோக்கியா 1100. கையில் பாம்பு. பட்டனைப் பார்க்காமலே கட்டைவிரல் திருப்பும், வில்லிவாக்கம் வருவதற்குள் வால் திரையைச் சுற்றிவிடும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஷிப்ட் பஸ்களில் யூனிஃபார்ம் போட்ட பெண்கள் தூங்கி வழிந்தபடி போவதைப் பார்த்திருக்கிறேன். 2014 நவம்பரில் ஆலையை மூடினார்கள். என் கையில் இருந்த விளையாட்டுச் சாமானை நம் பக்கத்துப் பெண்கள் செய்தார்கள் என்று பெருமையாக இருந்தது. அவர்கள் வேலை போனபோது அந்தப் பெருமையே வலித்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் எல்லோரும் கொண்டாடிய விளையாட்டு வைஸ் சிட்டி, எனக்கு ஒட்டவில்லை. அத்தனை பெரிய ஊரில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கிரிக்கெட் 07 அப்படியல்ல. ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் தோள் இடிக்க உட்கார்ந்து ஆடினோம். 2006-க்குப் பிறகு, அதைச் செய்த ஈஏ அடுத்த கிரிக்கெட்டைப் போடவே இல்லை. ரசிகர்களே 'பேட்ச்' எழுதி, ஐபிஎல் அணிகளையும் புது வீரர்களின் முகங்களையும் புது ஜெர்சிகளையும் வருஷா வருஷம் அதில் ஏற்றினார்கள். செய்த கம்பெனி கைவிட்டதை ஆடுகிறவர்கள் இத்தனை காலம் காப்பாற்றி வைத்தார்கள். சம்பளமில்லாத அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஊரடங்கின்போது அக்கா பையன் பப்ஜி சொல்லித் தந்தான். 2020 செப்டம்பரில் தடை வரும் வரை ஒவ்வொரு ராத்திரியும் காதில் தமிழ்தான். "மாமா, வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான், போகாத!" "நாக் ஆயிட்டேன் மாமா, சீக்கிரம் வந்து ரிவைவ் பண்ணு!" திரையில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது, பேச்சு முழுக்கத் தமிழ். டாங்க் கேமில் இருந்தே அப்படித்தானே ஆடி வந்திருக்கிறோம்.

அதனால்தான் 2023 ஜூலையில் வந்த வெண்பா என்ற விளையாட்டு என்னை அப்படி உலுக்கியது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 80-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு. வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, மை அழிந்து இருக்கும். அழிந்த வரியை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் புத்தகம் மகன் கைக்குப் போகிறது, அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வரவில்லை. முப்பது வருஷமாகப் புரியாத எழுத்தை உற்றுப் பார்த்து விளையாடியவன் நான். இப்போது என் எழுத்தைப் படிக்கத் திணறும் ஒரு பையனாக என்னை ஆடச் சொன்னார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் தொடர முடிந்தது. மறு வருஷம் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தபோது அக்காவுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினேன்.

அதற்கு முன்பே, வெண்பா வந்ததை அடுத்த பொங்கலுக்கு ஆவடி போனபோது லேப்டாப்பை எடுத்துப் போயிருந்தேன். அம்மா உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். உடம்புக்கு முடியாத நாளில் வெண்பா கணவனுக்கு இட்லி செய்கிறாள். அம்மா எப்படிச் செய்வாள் என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்று நேராக அடுக்கினேன்.

முறத்தில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏண்டா, குழிக்கு மேல குழி வந்தா இட்லி எப்படிடா உப்பும்? தட்டைக் கொஞ்சம் திருப்பி வை."

அப்பா பேப்பரை மடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தார். "இதுலயாவது திருப்ப விடறானா?" என்றார். இருபத்தொன்பது வருஷம் கழித்தும் அவருக்கு அந்த டரட் ஞாபகம் இருந்தது.

அம்மா முறத்தைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அழுத்தணும், காட்டு" என்றாள். மவுஸை அவள் பக்கம் வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.